இடியண்ணனின் இடுப்பு

டிப்போ பேண்டு மொத்தமும் இடது காலை நொண்டி நொண்டி நடந்த சாயங்காலத்தில்தான் இடியண்ணனின் குட்டு உடைந்தது. அதுவரை தன் இடுப்பில் ஒரு கோளாறு இருப்பதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இடியண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். வேலை முடிந்தபின் டிரைவர், கண்டக்டர், எலக்ட்ரீஷியன், டயர் கழட்டுபவர் என்று கலந்துகட்டி வாசிக்கும் பேண்டில் பெரிய டிரம் அவருடையது. தோளில் வார் போட்டு வயிற்றுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு அவர் ஓங்கி ஒன்று கொடுத்தால், ஒர்க் ஷாப் தகரக் கூரையில் இருக்கும் புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்ப உட்காரும். அதனால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர் எப்படி நடக்கிறாரோ அப்படித்தான் மற்றவர்களும் நடப்பார்கள். அதில் யாருக்கும் தனியாக அபிப்பிராயம் கிடையாது. அவருடைய கால் தரையில் படும்போது கை டிரம்மில் படும், கை டிரம்மில் படும்போது பின்னால் வருகிற அத்தனை பேர் காலும் தரையில் படும். பல வருடமாக ஒரே ஆளின் அடிக்கு நடந்து நடந்து, அவர் தும்மினால்கூட ஒரு தாளம் தள்ளி நடக்கும் அளவுக்கு அவர்கள் பழகிப்போயிருந்தார்கள். இந்த லட்சணத்தில் இடியண்ணனுக்கு இடது காலில் மின்சாரம் மாதிரி ஒரு வலி ஓட ஆரம்பித்தது. பிட்டத்தில் கிளம்பி, தொடை வழியாக இறங்கி, சுண்டுவிரலில் போய் நிற்கும். இடது காலைச் சட்டென்று எடுத்துவிடுவார், வலது காலில் கொஞ்சம் நின்று நிதானிப்பார். டிரம்மும் அப்படியே பேசியது. பேண்டும் அப்படியே நடந்தது.

பேண்டு மாஸ்டர் முன்னால் நடப்பவர், பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. மாடியிலிருந்து மேனேஜர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, எல்லாருக்கும் ஒரே கால்ல அடிபட்டுச்சா?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். டிரம்பெட்காரர் நொண்டினார், கிளாரினெட்காரர் நொண்டினார், குண்டான டிரைவர் தன் டிராம்போனோடு சேர்ந்து நொண்டினார். ஒருவர் பிசகாமல், ராணுவம்கூட அசந்துபோகும் ஒழுங்கோடு நொண்டினார்கள். நொண்டுகிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். எல்லாரும் நின்றார்கள். இடியண்ணன் மட்டும் நிற்க முடியாமல் பக்கத்தில் நின்றிருந்த பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எத்தனை நாளா இது?" என்று கேட்டான் மைத்துனன். இடியண்ணன் மனைவியின் தம்பி. பேண்டில் தாளத்தட்டு அடிப்பவன், அதனால் டிப்போவில் அவனுக்கு ஜால்ரா என்று பெயர். பெயர்தான் ஜால்ரா. மாமா சொன்ன எதற்கும் அவன் ஒருநாளும் ஆமாம் போட்டதில்லை.

"ஒண்ணுமில்ல மாப்ள, சும்மா பிடிச்சிருக்கு."

"சும்மா பிடிச்சதுக்கா பேண்டே நொண்டுது? அக்காகிட்ட சொல்லிடுவேன்."

சொன்னான். அன்றைக்கே சொன்னான். அக்கா பஸ் கண்டக்டர். நெரிசலில் படியில் தொங்குகிறவர்களை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளுகிற ஆள். தன்னிடம் மறைத்த குற்றத்துக்காக இடியண்ணனை வெளுத்து வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் கையோடு எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தை அழுத்தச் சொன்னார், முட்டியில் சுத்தியலால் தட்டினார். ஸ்கேன் படம் வந்ததும் வெளிச்சத்தில் மாட்டி விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் ஒன்று விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் கூழ் வெளியே பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெருக்குகிறது என்றார்.

இடியண்ணன் முகம் தெளிந்தது. வண்டியில் இரண்டு இரும்புக்கு நடுவில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் புஷ் மாதிரிதானே, இதில் அவருக்குப் புரியாதது ஒன்றுமில்லை. "புஷ் போயிடுச்சு," என்றார் மனைவியிடம். "அவ்வளவுதான். டாக்டர், மாத்திடுங்க."

"எதை?"

"அந்தப் புஷ்ஷைத்தான். பழசைக் கழட்டிட்டுப் புதுசு போட்டு விடுங்க. வெட்டுறதா இருந்தாலும் இந்த வாரமே வெட்டிடுங்க. எனக்குப் போட்டி இருக்கு."

கத்தி வேண்டாம் என்று கெஞ்சுகிறவர்களையே பார்த்துப் பழகிய டாக்டர், கத்தி வேண்டும் என்று கெஞ்சுகிறவரை அதிசயமாகப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆபரேஷன் தேவையே இல்லைங்க. இந்த மாதிரி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அது இல்லாமலே சரியாயிடும். பிதுங்கினதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும். வலிக்குக் கொஞ்ச நாள் மாத்திரை, அப்புறம் நடை, உடற்பயிற்சி. அப்பவும் கால் வலி அடங்கலைன்னா முதுகுல போடுற ஊசி ஒண்ணு இருக்கு, அதை அப்போ யோசிப்போம்."

"தானா சரியாகுற வண்டியை என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல டாக்டர்."

"நீங்க வண்டி இல்லையே. ஆனா ஒண்ணு, காதுல வாங்கிக்குங்க. பாதம் தூக்க முடியாம தொங்கிப்போனாலோ, உட்கார்ற இடம் மரத்துப்போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல கட்டுப்பாடு இல்லாம போனாலோ, ராத்திரின்னு பாக்காம ஓடி வாங்க. அப்போ நானே கத்தியை எடுப்பேன்."

"போட்டிக்கு டிரம் தூக்கலாமா?"

"இந்தத் தடவை வேண்டாம்."

இடியண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தொழிலாளர் பேண்டுகளுக்கான போட்டி இன்னும் இரண்டு மாதத்தில். ரயில் நிலையத்திலிருந்து மைதானம் வரைக்கும் கடைத்தெரு வழியாக வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். அவர் இல்லாமல் ஒரு வருடமும் பேண்டு அந்தத் தெருவில் நடந்ததில்லை. டிரம்மை இன்னொருவன் தோளில் மாட்டினால் அது அங்கேயே தங்கிவிடும், தனக்கு இனி ஸ்பானர் மட்டும்தான் மிச்சம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதிலும் அந்த இன்னொருவன் மைத்துனன் என்று மாஸ்டர் முடிவு செய்தது இன்னும் உறுத்தியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "அடிச்சுட்டுப் போறான், எனக்கென்ன," என்றார். அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

படுத்தவர் படுத்தபடியே இருக்கப் பார்த்தார். இடுப்பு வலி என்றால் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வாரக்கணக்கில் படுக்கக் கூடாது, எழுந்து நடமாடத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். லீவு நாளில் வீட்டிலேயே கண்டக்டர் விசிலை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கொரு தடவை கட்டில் பக்கத்தில் வந்து ஊதினாள்.

"இறங்குங்க, இறங்குங்க. கடைசி ஸ்டாப். தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க."

"கொல்றியே."

"செத்தவங்களை நடக்கச் சொல்ல மாட்டேன். எந்திரிங்க."

உடற்பயிற்சிக்கு ஒரு பிசியோவிடம் அனுப்பினார்கள். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒரு மேஜைக் கட்டில், சுவரில் எலும்புக்கூடு படம், வெயில் விழும் ஜன்னல். பிசியோ குள்ளமான பெண், சிரித்தால் கீழே மருந்துக் கடையில் கேட்கும். இடியண்ணனைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்கச் சொன்னாள். தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கினார், இறக்கினார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். இதையே வீட்டுல பகல்ல நாலஞ்சு தடவை செய்யுங்க. வலி கால்ல கீழே இறங்கினா நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க. குனிஞ்சு எதையும் தூக்காதீங்க. ரொம்ப நேரம் உட்காராதீங்க. நடங்க."

இடியண்ணன் படி இறங்கி வரும்போதே நம்பிக்கையை மேலேயே விட்டுவிட்டு வந்தார். ஒரு சாமான் இல்லை, ஒரு கருவி இல்லை, குப்புறப் படுத்தால் இடுப்பு சரியாகுமாம். துருப்பிடித்த போல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சினால் கழன்றுவிடுமா? அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நெருக்கிக்கொண்டிருக்கிற இரண்டு பாகத்தை இழுத்துப் பிரிக்க வேண்டும்.

அதற்கு ஒர்க் ஷாப்பில் ஒரு சாதனம் இருந்தது. என்ஜினைத் தூக்குகிற செயின் பிளாக்.

மைத்துனனைத் தனியாகக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டு நேரம், ஒர்க் ஷாப்பில் ஆள் இல்லை. டிரம் வாரைக் கக்கத்துக்கடியில் சுற்றி, அதைக் கொக்கியில் மாட்டிக்கொண்டார்.

"மாமா, இது வேணாம்."

"பேசாம செயினை இழு. லேசா. கால் தரையை விட்டா போதும்."

"பிசியோ மேடம் சொன்னாங்களா?"

"அவங்ககிட்ட செயின் பிளாக் இல்ல, அதனால சொல்லல."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஜால்ரா மாமா சொன்னதற்குத் தலையாட்டினான். அதுவே தப்பாகிவிட்டது. செயினை இழுத்தான். இடியண்ணன் மேலே போனார். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியதும் இடுப்பு முழுக்கக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "இறக்கு, இறக்கு" என்றார். பதற்றத்தில் மைத்துனன் பக்கத்துச் செயினை இழுத்தான். இடியண்ணன் இன்னும் மேலே போனார். அவர் தொங்கிக்கொண்டு மெல்லச் சுழல, அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. ஸ்டியரிங் இறுகிப்போனதென்று டிரைவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்படியிலிருந்து டிக்கெட் பையோடு இறங்கினாள் கண்டக்டர்.

அவள் நேராக வந்து தம்பி கையிலிருந்த செயினை வாங்கி, சரியான பக்கத்தை இழுத்து, புருஷனைப் பத்திரமாகத் தரைக்கு இறக்கினாள். கொக்கியைக் கழட்டினாள். அப்புறம்தான் பேசினாள். அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. டிரைவர் மட்டும் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டு மூன்று நாள் இடுப்பைத் திருப்ப முடியவில்லை. பிசியோவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அசடு வழியச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை என்பதுதான் இடியண்ணனை உலுக்கியது.

"உங்களைப் பாத்து எனக்கு பயமா இருக்கு சார். இன்னும் கொஞ்சம் மோசமா போயிருந்தா நீங்க என்கிட்ட வந்திருக்க மாட்டீங்க, நேரா ஆபரேஷன் மேஜைக்குப் போயிருப்பீங்க. ஒரு மாசம் எனக்குக் கொடுங்க. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

பாதத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள், காலில் பல இடங்களில் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தபின்தான் அவள் முகம் இளகியது. அந்தப் பெண் தனக்காகப் பயந்தாள் என்பதை நினைத்து இடியண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. "சரிம்மா," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

சொன்ன சொல் தவறவில்லை. காலையில் குப்புறப் படுத்தார், மதியம் ஒர்க் ஷாப் மூலையில் அட்டையை விரித்துப் படுத்தார். பஸ்ஸுக்கு அடியில் வேலை செய்வதாக நினைத்து யாரோ அவர் கையில் ஸ்பானரைக்கூடக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் நடந்தார். முதலில் தெருமுனை, பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு பாலம். மனைவி ஷிஃப்ட் முடிந்து கூடவே வந்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து இவ்வளவு நடந்ததில்லை, இவ்வளவு பேசியதும் இல்லை. ஒருநாள் பாலத்தில் நின்றுகொண்டு, பயணி ஒருவர் கோழியோடு ஏறி அரை டிக்கெட் கேட்ட கதையை அவள் நடித்துக் காட்ட, இடியண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நோய் வந்ததில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லை.

ஒருநாள் காலையில் பிசியோவுக்குப் பதறிப்போய் போன் செய்தார்.

"அம்மா, மோசமாயிடுச்சு. இடுப்புல வலி ஜாஸ்தியாயிருக்கு."

"கால்ல?"

"கால்ல... இருங்க." காலை நீட்டினார், மடக்கினார். "கால்ல முட்டிக்குக் கீழே இல்லையே."

மறுமுனையில் ஒரு கூச்சல். அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அப்புறம்தான் அது சந்தோஷக் கூச்சல் என்று தெரிந்தது.

"சார், வலி வீட்டுக்குத் திரும்புது! கால்ல இருந்து மேலே ஏறி இடுப்புல வந்து உட்கார்ந்தா, நரம்பு விடுபட்டுட்டு வருதுன்னு அர்த்தம். நல்ல சேதி இது. இனிமே இடுப்பையும் வயித்தையும் பலமாக்குற பயிற்சி ஆரம்பிக்கலாம்."

"இடுப்பு வலிச்சா நல்ல சேதியா?"

"உங்களுக்கு இன்னிக்கு நல்ல சேதிதான்."

அன்றைக்கு ஒர்க் ஷாப்பில் இடியண்ணன் எல்லாரிடமும் போய், "எனக்கு இடுப்பு வலிக்குதுப்பா," என்று பல்லெல்லாம் தெரியச் சொல்லிவிட்டு வந்தார். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

போட்டி நாள் வந்தது. வலி முழுக்கப் போகவில்லை. தொடையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. டிரம் கூடாது என்பதில் பிசியோ உறுதியாக இருந்தாள். ரயில் நிலையத்து வாசலில் மைத்துனன் டிரம்மை மாட்டிக்கொண்டு நின்றபோது இடியண்ணனால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் போய் வாரை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

"மாமா, பயமா இருக்கு."

"பயந்தா வேகமா அடிப்ப. வேகமா அடிக்காத."

அவன் வேகமாகத்தான் அடித்தான். பேண்டு கிளம்பி நூறு அடி போவதற்குள் நடை ஓட்டமாகிவிட்டது. நடைபாதையில் மனைவியோடு கூடவே வந்துகொண்டிருந்த இடியண்ணனுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. கடைத்தெரு வளைவில் டிராம்போன் டிரைவர் முன்னால் போன கிளாரினெட்டின் குதிகாலை மிதித்தார். ஷூ கழன்றது. கிளாரினெட் ஒற்றை ஷூவோடு துள்ளியது. வரிசை கலைந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த குடிநீர் வாரியத்துப் பேண்டுக்காரர்கள் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரிப்பது கேட்டது. மைத்துனன் வியர்த்துக் கொட்டி, கையைத் தூக்கியவன் அடிக்கத் தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தான்.

இடியண்ணன் நடைபாதையிலிருந்து இறங்கினார். யோசிக்கவெல்லாம் இல்லை. மைத்துனனுக்கு நேராக, தெரு ஓரத்தில், வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். இடது, வலது, இடது, வலது. அவசரமில்லாத, ஒரே அளவான நடை. மைத்துனன் அந்தக் காலைப் பார்த்தான். கால் தரையில் பட்டதும் அடித்தான். அடுத்த அடிக்கும் அப்படியே அடித்தான். பின்னால் இருந்தவர்கள் டிரம்மைக் கேட்டார்களோ, அவருடைய முதுகைப் பார்த்தார்களோ, கால்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை ஒருவரும் நொண்டவில்லை. டிரம்பெட் எழுந்தது, ஒற்றை ஷூ கிளாரினெட்டும் எழுந்தது, கடைத்தெருவில் இருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். இடியண்ணன் வாயாலேயே டும் டும் என்று சொல்லிக்கொண்டு, மைதானம் வரைக்கும் பேண்டை நடத்திக்கொண்டு போனார். இவ்வளவு சந்தோஷத்தை அவருக்கு அந்த டிரம் கூடக் கொடுத்ததில்லை.

இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. சீருடை இல்லாத ஓர் ஆள் கூடவே வந்ததற்காக நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். மாஸ்டர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மைத்துனன் வாரைக் கழட்டி டிரம்மைத் தரையில் வைத்துவிட்டு, மாமாவைக் கட்டிக்கொண்டான்.

"சீக்கிரம் உடம்பைத் தேத்திக்கிட்டு வந்து இதை மாட்டிக்குங்க மாமா. சத்தியமா சொல்றேன், எனக்குத் தட்டே போதும்."

"நீ சொன்னா சரி மாப்ள," என்றார் இடியண்ணன். மாமாவே ஜால்ரா போட்டதைக் கேட்டு பேண்டே சிரித்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். ரயில் நிலையத்திலிருந்து நடைபாதையில் ஓட்டமும் நடையுமாகப் பின்தொடர்ந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது. வழி நெடுக அவள் பார்த்துக்கொண்டு வந்தது பேண்டை அல்ல.

"இவ்வளவு தூரம் ஒரு இடத்துலகூட நிக்காம நடந்தீங்களே. கால் எப்படி இருக்கு?"

இடியண்ணன் குனிந்து தன் கால்கள் இரண்டையும் பார்த்தார். ஒன்றை ஊன்றிப் பார்த்தார், மற்றதையும் ஊன்றிப் பார்த்தார். நிஜமாகவே தெரியாமல் அவளைக் கேட்டார்.

"எந்தக் கால்?"